மீராவுக்கு மட்டும் சொன்ன செய்தி

தம்பி,

உன்னை மதுரை விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க நிற்க வைத்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். சிங்கப்பூரில் மீரா என்று ஒரு பெண் இல்லை. ஏழு மாதம் கம்ப்யூட்டர் சாட்டில் உன்னோடு மீராவாகப் பேசியது செல்வம். நம் கோடவுனுக்கு எதிர்க்கடை மிளகாய்த் தரகர் சண்முகவேல் அண்ணனுடைய மகன் செல்வம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், என்னை அத்தை என்று கூப்பிட்டு நம் வீட்டுத் தட்டில் கறிச்சோறு தின்றவன். கூட இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். எழுதியது அவன் ஒருவன். போன புதன்கிழமை என் முன்னால் நின்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்.

சென்னையிலிருந்து போன் பேசும்போதெல்லாம் நீ, "விட்ரும்மா, யாரா இருந்தா என்ன" என்றாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு, விடவில்லை. ஒரு வத்தல் மூட்டையில் எங்கேயோ நமத்த வாடை வந்தால் அந்த மூட்டையைக் கண்டுபிடிக்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. இது என் மகன். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நம் அரவை மில்லை மத்தியானத்தோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் எத்தனை ஆனாலும் ஆகட்டும்.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் என் பங்கு என்னவென்று நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். புரட்டாசியில் உனக்கும் அவளுக்கும் பேச்சு ஆரம்பித்தது. மதுரையில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குமேல் பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவாய். முகம் தெரியாத ஆட்கள் எழுத்தாலேயே பேசிக்கொள்ளும் இடம் என்று எனக்கு விளக்கினாய். தை மாதம் ரெட்டியபட்டிப் பூங்கொடிக்குப் பூ வைக்க நாள் குறித்திருந்தோம். இன்னும் நாலு நாள் என்கிறபோது வந்து, "எனக்கு வேற பொண்ணு இருக்கும்மா" என்றாய். நான் கத்தினேன். யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். நீ ஒரு தாளை நீட்டினாய். அதில் அவள் எழுதியிருந்தாள்: அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, படி ஏறும்போது பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

அந்த ஒரு வரியில் நான் விழுந்தேன். "என் முழங்காலப் பத்தி நீயா சொன்னே?" என்று கேட்டேன். "இல்லம்மா, அவளாத்தான் கேட்டா. அம்மான்னா இந்த வயசுல இருக்கும்னு அவளுக்கே தோணியிருக்கு" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் முழங்காலைப் பற்றி உன் அப்பா போனதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை, நீயும் சேர்த்துத்தான். மூட்டையை அடியில் பிரித்துப் பார்க்காமல் ஒரு கிலோ வத்தல் வாங்காதவள், நீ சொல்லாத சங்கதி இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ரெட்டியபட்டிக்கு நானே பஸ் ஏறிப் போய், பூ வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பூங்கொடியின் அப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்காமல் திரும்பினேன்.

சித்திரையில், சென்னை வழியாக மதுரைக்கு வருகிறேன் என்று அவள் எழுதியதும், பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தது நான். மல்லிகைப் பூவை வாழையிலையில் கட்டிக் கொடுத்தது நான். நீ காலை பிளேனைப் பார்த்தாய், சாயங்கால பிளேனையும் பார்த்தாய். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தன், "என்ன மாப்ள, பிளேன் லேட்டா?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து சேலையை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே அந்த பஸ் ஸ்டாண்டுல நான் இறங்க மாட்டேம்மா" என்று சொன்னாய். மறுநாள் காலையில் சென்னைக்குப் போனவன்தான். மூன்று மாதம் ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் நீ ஏமாந்ததற்கு இல்லை. ஏமாறாத வியாபாரி யாரும் கிடையாது. உனக்கு உன் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்க முடியாமல் செய்துவிட்டானே ஒருவன், அதற்குத்தான்.

ஆளை எப்படிப் பார்ப்பது என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது உன் அப்பா. என்னைக் கேட்டு வருவதற்கு முன்னால் என் வீட்டு ஆட்கள் அவர் ஊருக்குப் போய் விசாரித்தார்கள். வாசலில் ஒரு ஜோடிக் காளை கட்டியிருந்தது. நல்ல குடும்பம் என்று வந்து சொன்னார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவர் என்னிடம், "நீ பாத்துட்டு சந்தோசப்படுறியே, அந்த ரெண்டு மாடும் எங்க சித்தப்பா மாடு. நாளைக்கு அவுக ஓட்டிட்டுப் போயிருவாக. எனக்கு இருக்கிறது ஒத்தை எருமை, அதுவும் பால் வத்திருச்சு" என்றார். நான் அழுதேன். ஆனால் அன்றைக்கு நம்பினவள்தான், மஞ்சள்காமாலையில் அவர் கண்மூடுகிறவரைக்கும் எதற்கும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை. தனக்கு நஷ்டம் வருகிற உண்மையை ஒருவன் கேட்காமலே சொன்னால் அவன் ஆள். மீராவின் ஏழு மாதப் பேச்சில் அவளுக்கு இறக்கமான சங்கதி ஒன்றுகூட இல்லை. ஒரு பல் வலி இல்லை, வீட்டில் ஒரு சண்டை இல்லை.

இரண்டாவது, நானே பட்டுத் தெரிந்தது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் கோடவுன் இல்லாமல் திருச்சுழிச் சந்தையில் தரையில் சாக்கை விரித்து வத்தல் வாங்கிக்கொண்டிருந்தேன். கொல்லத்து மொத்த வியாபாரி என்று ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மலையாளம் கலந்த தமிழ், கையில் சீட்டுப் புத்தகம். லோடு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கொல்லத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும், "உங்க ஊருக் கடைத்தெருவுல மலை மேல ஒரு முருகன் கோயில் இருக்கே, அங்க ஒருக்கா வந்திருக்கேன்" என்றேன். "ஆமா ஆமா, நம்ம கடை அந்த மலை அடிவாரத்துலதான்" என்றார். கடற்கரை ஊர்க் கடைத்தெருவில் நான் ஒரு மலையை முளைக்க வைத்தேன், அவர் அதன் அடிவாரத்தில் கடை போட்டுவிட்டார். சரக்கு கொடுக்கவில்லை. நிஜமான ஆள் நம்மைத் திருத்துவான். சில நேரம் எரிச்சல்படக்கூடச் செய்வான். பொய்யனுக்கு நாம் சொல்வதெல்லாம் சரி.

நீ போன பிறகு உன் சட்டைகளுக்கு அடியில் இருந்த பைலை எடுத்தேன். கோபப்படாதே. ஒவ்வொரு நாள் பேச்சையும் நீ பிரிண்ட் எடுத்து அடுக்கி வைத்திருந்தாய். தமிழ்ப் பேச்சுத்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். லாரி போர்டிலும் சாக்கு மார்க்கிலும் படித்த இங்கிலீஷ் எனக்கு. எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால் தமிழ் வந்தது. உன் அம்மா வாசிக்கக் கூடாத வரிகளும் அதில் இருந்தன. அவற்றைத் தாண்டிப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாசித்தேன். மார்கழியில் நீ, "அங்கே ரொம்பக் குளிருமே" என்று எழுதியிருந்தாய். அவள், "ஆமாம், ரோட்டுல நடக்கும்போது கை விறைச்சுப் போகுது, உங்க நினைப்புத்தான் கதகதப்பு" என்று எழுதியிருந்தாள். சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த பாத்திரக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "குளிரா? அங்க வருசம் பூரா வேர்த்து ஊத்தும்க்கா. நம்ம ஊரு வெயிலு, கூட மழை, அம்புட்டுத்தான்" என்றார். கொல்லத்து மலை மாதிரி சிங்கப்பூரில் நீ ஒரு குளிர்காலத்தை முளைக்க வைத்திருக்கிறாய், தெரியாமலே. அவள் அதில் கை விறைத்து நின்றிருக்கிறாள்.

சரி, சிங்கப்பூர் இல்லை. பிறகு எந்த ஊர்? அதைக் காட்டிக் கொடுத்தது நம் மில்லில் சுவரோரம் கயிற்றில் தொங்குகிற கரண்ட் நோட்டு. அரவை நடுவில் கரண்ட் போனால் வேலைக்கு வந்த பெண்களுக்குக் காத்திருப்புக் கூலி கொடுக்க வேண்டும், அதற்காகப் போன நேரம், வந்த நேரம் எல்லாம் நான் பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். நீகூடக் கிண்டல் செய்வாய். மீரா பேச்சின் நடுவில் பதினோரு தடவை சட்டென்று காணாமல் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மறுநாள், "நேத்து பாஸ் வந்துட்டார், அதான் ஆஃப் பண்ணிட்டேன்" என்று சமாதானம். உன் தாள்களில் தேதியும் மணியும் இருந்தன. நோட்டை மடியில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது ஒத்துப்போனது. அந்தச் சிங்கப்பூர் முதலாளி அருப்புக்கோட்டையில் கரண்ட் போகிறபோதெல்லாம் ஆபீசுக்குள் வந்திருக்கிறார். அதில் ஒன்று மாசி மாதம், நம் தெரு முனை டிரான்ஸ்பார்மர் வெடித்து நம் லைனில் மட்டும் இரண்டு தெருவுக்கு இருட்டான நாள். அந்த இரண்டு தெருவில் பிரவுசிங் சென்டர் ஒன்றே ஒன்றுதான்.

சென்டர் முதலாளியிடம் போயிருந்தால் அவன் வாடிக்கையாளரைக் காட்டிக் கொடுக்க மாட்டான், எச்சரித்தும் விடுவான். கடையைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் கூட்டுகிறவர்களைக் கேட்க வேண்டும். அங்கே கூட்டுகிற மாரியம்மா நம் மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவள். "சாயங்காலம் நாலு மணிக்கு அங்க யாரு வழக்கமா உக்காருவா?" என்றேன், ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி. "வேற யாரு, தரகர் மகன் செல்வந்தான். கூட ரெண்டு பேரு. ஒருத்தன் வாசிப்பான், மத்தவன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளுவான். ஒரே சிரிப்பாணி. இப்ப ரெண்டு மூணு மாசமா சத்தத்தக் காணோம்க்கா" என்றாள். எனக்கு உள்ளங்கால் வரை சூடேறியது. என் முழங்காலைப் பற்றி யாருக்குத் தெரியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கோடவுன் மூன்று படியையும் நான் எப்படி ஏறுகிறேன் என்று தினமும் எதிர்க்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்.

ஆனாலும் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. இனிமேல் நான் செய்ததைச் சொல்கிறேன், இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். பைலின் பின் அட்டையில் உன் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தாய். ஊருக்குள் வேண்டாம் என்று விருதுநகர் போனேன். அங்கே ஒரு சென்டரில் டைப் அடிக்கிற பெண் இருந்தாள். "யார் எழுதுற மாதிரிம்மா?" என்றாள். "எம் மகன் எழுதுற மாதிரி எழுது தாயி" என்றேன். "அது தப்பில்லையாம்மா?" என்று கேட்டாள். "தப்புதான். எழுது" என்றேன். "நீ வராததற்கு ஏதோ காரணம் இருக்கும், எனக்குக் கோபம் இல்லை" என்று உன் பேரில் மீராவுக்கு எழுதச் சொன்னேன். பிறகு, "இங்கே அம்மாதான் கஷ்டத்தில் இருக்கு. கோடவுன் வத்தல் முழுக்க வண்டு விழுந்திருச்சு. வெளியே தெரிஞ்சா மானம் போயிரும், அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகுது. யார்கிட்டயும் சொல்லாதே" என்று சேர்க்கச் சொன்னேன். நம் கோடவுனில் ஒரு வண்டு கிடையாது. இந்தச் செய்தியை உலகத்தில் மீரா ஒருத்திக்கு மட்டும்தான் சொன்னேன்.

வேறொரு முகத்தை மாட்டிக்கொண்டு பேசுவதில் ஒரு ருசி இருக்கிறது, தம்பி. அந்தப் பெண் தட்டத் தட்ட, இன்னும் இரண்டு வரி சொல்லலாமா என்று எனக்கு வாய் ஊறியது. செல்வம் ஏன் ஏழு மாதம் நிறுத்தவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் ஒன்றும் குறையவில்லை.

திங்கட்கிழமை எழுதினேன். புதன்கிழமை மத்தியானம் சண்முகவேல் அண்ணன் கோடவுன் வாசலில் வந்து நின்றார். பத்து வருஷமாக என் படியேறாத மனிதர். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, சரக்கு கிரக்கு தள்ளிவிடணுமா? எனக்குத் தெரிஞ்ச பார்ட்டி இருக்கு. வண்டு கிண்டு இருந்தாலும் பாக்க மாட்டான்" என்றார்.

"வண்டா? யாரு சொன்னா உங்களுக்கு?"

"பஜார்ல பேசிக்கிட்டாக."

"பஜார்ல யாருக்கும் தெரியாதுண்ணே. மீராவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"எந்த மீரா?"

"உங்க வீட்டு மீரா. கூப்பிடுங்க, வரட்டும்."

அவருக்குப் புரியவில்லை. அவருக்கு இதில் பங்கு இல்லை என்று அந்த முழியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாலு மூட்டையை அடியில் பிரித்துக் காட்டினேன். வத்தல் கலகலவென்று கொட்டியது, கண்ணாடி மாதிரி. பிறகு பைலை அவர் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து என்றதும் திருப்பித் தந்தார். நானே வாசித்தேன், முழங்கால் வரியையும், மதுரைக்கு வருகிறேன் என்கிற வரியையும். கரண்ட் நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் எதிர்க்கடையைப் பார்த்து, "ஏலே, இங்க வா" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

செல்வம் வந்தான். பைலைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "நான் இல்லத்தே" என்று ஆரம்பித்தான். "உங்கப்பாவுக்கு வண்டு விசயம் யாருடா சொன்னது?" என்றேன். சண்முகவேல் அண்ணன் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இவந்தான் சொன்னான்" என்றார். பிறகு அவன் பேசினான். "விளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சோம்த்தே. ரெண்டு வாரத்துல சொல்லிரலாம்னு நெனச்சேன். அவன் பதில் எழுத எழுத நிறுத்தத் தெரியல" என்றான். "ரெட்டியபட்டிக் கல்யாணம் நின்னப்பவும் தெரியலையா? பிளேனுக்கு நாள் சொன்னப்பவும் தெரியலையா?" என்று கேட்டேன். அதற்குத் தலை நிமிர்ந்தான். "எங்கப்பாவ நடுரோட்டுல வச்சு நீங்க மூட்டையைக் கொட்டினீகள்ல. அன்னையிலருந்து எங்கப்பா சாக்குத் தைக்கிற கோணூசியக்கூடக் கையில எடுக்கல. எங்க வீட்டப் பாத்து ஊரு சிரிச்சப்ப உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?" என்றான்.

இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் சண்முகவேல் அண்ணன் பிடித்துக் கொடுத்த லோடில் இரண்டு மூட்டை, மேலே நல்ல வத்தல், அடியில் ஈரச் சண்டுக் குப்பையும் காம்பும். நான் ஆளை உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அப்போது பெண்பிள்ளை வியாபாரம் என்று ஊர் என்னை எடை போட்டுக்கொண்டிருந்த நேரம். என்னை ஏமாற்ற முடியாது என்று எல்லாருக்கும் காட்ட வேண்டியிருந்தது. மூட்டையை பஜார் நடுவில் தலைகீழாகக் கொட்டி, அவர் பேரைச் சொல்லிச் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அவரை நம்பி யாரும் பெரிய லோடு கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, அந்த மூட்டையைக் கட்டியது வத்தல் விளைவித்த சம்சாரி என்றும், இவரும் ஏமாந்துதான் வாங்கினார் என்றும் எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏறிய பேரை இறக்க மனசு வரவில்லை. இதுதான் என் கணக்கில் இருக்கிற பெரிய கறை.

அதனால் செல்வத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் மீது கோபம் என்றால் என் மீது எறிந்திருக்க வேண்டும். என் கோடவுனுக்குத் தீ வைத்திருந்தாலும் ஆம்பளை என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் பாசமாகப் பேசிப் பேசி உன் வாயிலிருந்து வந்ததை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் வாசித்திருக்கிறான். நான் நினைத்தால் அந்தத் தரகர் வீட்டுக்கு இந்தத் தாலுகாவில் ஒரு மூட்டை கிடைக்காமல் செய்ய முடியும். அன்று அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். சண்முகவேல் அண்ணன் பழக்கத்தில் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டார், விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரி. "இது துண்டுக்குள்ள பேசுற விலை இல்லண்ணே. சத்தமா பேசுவோம்" என்றேன். "சரி தங்கச்சி. என்ன வேணும் உனக்கு, சொல்லு. எனக்கு என்ன வேணும்னு நானும் சொல்வேன்" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். செல்வத்தை உட்காரச் சொல்லவில்லை.

ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டது. அப்பாவும் மகனும் வெள்ளிக்கிழமை ரெட்டியபட்டிக்கு பஸ்ஸில் போய், பூங்கொடி வீட்டில் எல்லார் முன்னாலும் "மீரா நான்தான்" என்று செல்வம் சொன்னான். நானும் கூடப் போனேன். சரியாகச் சொல்கிறானா என்று பார்க்க. பூங்கொடிக்குக் கோவில்பட்டியில் பேசி முடித்துவிட்டார்கள், ஆவணி கடைசியில் கல்யாணம். அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது, நீ ஒன்றும் எதிர்பார்க்காதே. அந்தப் பிள்ளை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு செல்வத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அவுக எழுதினதப் படிச்சு நீங்க சிரிச்சப்ப, அதுல எம் பேரும் வந்துச்சா?" அவன், "வந்துச்சு" என்றான். அது உள்ளே போய்விட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தான். எனக்குப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. இரக்கப்பட்டேன் என்று உனக்கு எழுதினால் அது பொய்.

மிச்சம் பேசி முடித்த நிபந்தனைகள் இவை. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், உன் வரிகளை வாசித்துச் சிரித்த அதே பெஞ்சில், செல்வம் எழுந்து நின்று மீரா எழுதியதை எல்லாம் வாசிக்க வேண்டும். உன் வரி ஒன்றுகூட வரக் கூடாது. மீராவின் வரிகள் மட்டும், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, கை விறைத்ததும் கதகதப்பும் எல்லாமே, சத்தமாக, அவன் குரலில். அவன் அப்பா பக்கத்தில் இருப்பார். கூடச் சிரித்த இரண்டு பேரும் இருப்பார்கள். அது முடிந்த உடனே, அதே கூட்டத்தில் நான் எழுந்து, அன்றைக்கு மூட்டையைக் கொட்டியது என் தப்பு, சண்முகவேல் அண்ணன் நாணயஸ்தர், அது தெரிந்தே நான் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். இது அவர் கேட்டது. எனக்கு நெஞ்சு எரிந்தாலும் ஒத்துக்கொண்டேன். வரும் மாசியில் முதல் லோடும் அவர் கையால்தான் பிடிக்க வேண்டும். அதற்கும் சரி என்றேன்.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். தரகர் மூளை, தம்பி; சாதாரணமாகக் கேட்கவில்லை. "எம் மகன் ஊருக்கு முன்னால அவமானப்படுறது ஒனக்காக இல்ல தங்கச்சி, ஒம் மகனுக்காக. அவன் வந்து எதிர்க்க உக்காந்து கேக்கணும். மதுரை பஸ்ஸுல வந்து அதே எடத்துல எறங்கி நடந்து வரணும். வரலேன்னா நான் ஏன் எம் பிள்ளைய நிக்க வைக்கணும்?" என்றார். நான் சரி என்றேன். நாலு மணி, அதற்கு மேல் கால் மணி வரை பார்ப்பது என்று பேச்சு. நீ வந்து உட்கார்ந்தால் செல்வம் வாசிப்பான், நான் என் தப்பைச் சொல்வேன். நீ வராவிட்டால் அவன் வாசிக்க வேண்டியதில்லை, நான் சொல்ல வேண்டியதில்லை, பைல் முழுவதையும் அவர் கண் முன்னால் மில் அடுப்பில் போட வேண்டும், இரண்டு வீட்டாரும் சாகிறவரை இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டேன். வருவதா வேண்டாமா என்று இனி நீ முடிவு செய்.

அம்மா